பேசாத பிள்ளைகளின் சரித்திரம்

கும்பகோணத்துக்கு எந்தக் காரியமாகப் போனாலும், அது முடிந்ததும் தாராசுரம் போய்விட்டு வருவது எனக்கு வழக்கம். நாலு கிலோமீட்டர் தூரம். இரண்டாம் ராஜராஜ சோழன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலைப் பற்றி எழுதப் புகுந்தால் அதுவே ஒரு புஸ்தகம் ஆகிவிடும். இன்றைக்கு அது வேண்டாம். முன் மண்டபத்தை மட்டும் சொல்கிறேன். அது தேர் மாதிரி அமைந்தது. கல்லில் குதிரை, கல்லில் சக்கரம். குதிரை பாய்கிறது, சக்கரம் உருள்கிறது. ஆனால் எண்ணூறு வருஷத்துக்கு மேலாகத் தேர் ஓர் அங்குலம் நகரவில்லை.

அன்று பிற்பகல் மூன்று மணி இருக்கும். அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். நாலு வயசுக்குள்தான் இருக்கும். சக்கரத்தின் குடத்தில் விரலை வைத்து, ஓர் ஆரக்கால் வழியாக விளிம்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு போவான். பிறகு குடத்துக்குத் திரும்பி அடுத்த ஆரக்கால். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. வரிசை தப்பவில்லை. ஒரு பஸ் நிறைய யாத்திரிகர்கள் வந்து இறங்கி, கூச்சலும் புகைப்படமுமாக அவனைச் சுற்றி நின்றார்கள். அவன் தலையைத் திருப்பவில்லை.

படி ஓரத்து நிழலில் அவனுடைய பாட்டியும் தாயும் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள்தான், பட்டுத் தறி வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பம். நான் பையனையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டுப் பாட்டி பேச்சுக் கொடுத்தாள்.

"வர்ற ஆவணிக்கு நாலு முடியுதுங்க. இன்னும் பேச்சு வரலை. அதனால என்ன? கணக்கு மேதை ராமானுஜம், நம்ம கும்பகோணத்தில இருந்தவருதானே, அவரே மூணு வயசு வரைக்கும் பேசலையாம். பிள்ளை பேசாட்டி என்ன, நாளைக்கு அவன் பேர் பேசும்!"

தாய் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி அம்மன் சந்நிதிக்கு எழுந்து போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பேச்சு வராதது மட்டும் இல்லீங்க ஐயா. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான். காது கேக்கலையோன்னு பார்த்தா, தறிச் சத்தம் நின்னா அந்த நிமிஷமே திரும்பிப் பார்க்கிறான். எது வேணும்னாலும் விரலை நீட்டிக் காட்ட மாட்டான். என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் அது மேல வைப்பான். என் கைதான் வேணும், என் முகம் வேண்டாம்."

கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். முன்பக்கத்தில் நெசவுக் கூலிக் கணக்கு. திருப்பினால் பின்பக்கத்திலிருந்து பிள்ளையின் கணக்கு. ஒன்றேகால் வயசில் சொன்ன மூன்று வார்த்தைகள், அவை எந்த மாதம் நின்றுபோயின, எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிறான், ராட்டை சுற்றும்போது எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறான், எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தது. ஒரு டாக்டரிடம் காட்டினாளாம். "ஆம்பிளைப் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், அஞ்சு வயசு வரைக்கும் பொறுத்துப் பாரும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

நான் கதை எழுதுகிறவன். அந்தப் பிள்ளைக்கு இன்னது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்த நோட்டைப் பார்த்தபோது, 1938-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஒரு தகப்பனார் எழுதிய கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. பேசாத பிள்ளைகளைப் பற்றிய நவீன ஆராய்ச்சிக்கு அந்தக் கடிதம்தான் பிள்ளையார் சுழி. அதைச் சொல்வதற்கு முன்னால், பாட்டி சொன்ன ராமானுஜத்துக்கும் அவருக்கு முந்திய நம் ஊர்க் கதைகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

பேச்சு வராத பிள்ளை நம் நாட்டுக்குப் புதிசல்ல. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயசு வரைக்கும் பேசவில்லை என்பார்கள். பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். முருகன் அருளால் வாய் திறந்து பாடினார் என்பது வரலாறு. தாராசுரத்தைக் கட்டிய இரண்டாம் ராஜராஜனின் அவையில் இருந்தவர் ஒட்டக்கூத்தர். பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் அவர் பெயரால் வழங்கும் கூத்தனூரில் சரஸ்வதிக்குத் தனிக்கோயில் இருக்கிறது. பேச்சும் படிப்பும் வர வேண்டும் என்று இன்றைக்கும் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிறார்கள். வீட்டில் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவார்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே ஒரு பெயர். தாராசுரத்துக் கருவறையின் வெளிச்சுவர் அடியில் பெரிய புராணம் முழுவதும் சின்னச் சின்னச் சிற்பமாக இருக்கிறது. அதில் வரும் சம்பந்தரும் மூன்று வயசில் சீகாழிக் குளக்கரையில் ஞானப்பால் உண்டு பாடியவர்தான்.

இந்தக் கதைகளைப் பரிகாசம் செய்ய எனக்கு மனசு வராது. பேசாத பிள்ளையை மூலையில் போட்டுவிடாமல், தோளில் சுமந்துகொண்டு கோயில் கோயிலாகப் போன தாய் தகப்பன்மாரின் அன்பு அவற்றில் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைசியில் வாய் திறந்த பிள்ளையின் கதைதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதே திருச்செந்தூருக்குத் தூக்கிப் போய், அதே கடலில் முழுக்காட்டி, பேசாமலே திரும்பி வந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்குப் புராணம் இல்லை. வெற்றி பெற்றவனுடைய சரித்திரம் மட்டும் மிஞ்சுவது ராஜாக்கள் விஷயத்தில் மட்டும் அல்ல.

ராமானுஜம் விஷயத்துக்கு வருகிறேன். 1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் தாய்வீட்டில் பிறந்தார். தகப்பனார் கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. ஒரு வருஷத்துக் கைக்குழந்தையாகக் கும்பகோணம் வந்தார். 1889 கடைசியில் பெரியம்மை போட்டுப் பிழைத்தார். மூன்று வயசு வரைக்கும் அவருக்குப் பேச்சு சரியாக வரவில்லை என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இவ்வளவும் பாட்டிக்குச் சாதகம்.

ஆனால் அவருடைய தாய் கோமளத்தம்மாள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பதைப் பாட்டிமார்கள் சொல்வதில்லை. பிள்ளையைக் காஞ்சீபுரத்தில் இருந்த தன் தகப்பனாரிடம் கூட்டிப் போனாள். அங்கே அக்ஷராப்பியாசம் செய்துவைத்தார்கள். தாத்தா பேரனுடைய கையைப் பிடித்து, தரையில் பரப்பிய அரிசியில் ஒவ்வோர் எழுத்தாக எழுதவைத்தார். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216 என்று விரலில் அரிசி உறுத்த உறுத்த எழுத்து வந்தது. எழுத்தோடு பேச்சும் வந்தது. 1892 அக்டோபரில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். இன்றைக்குச் சென்னையிலோ வேலூரிலோ இருக்கும் ஒரு பயிற்சியாளர் இதைக் கேட்டால், "பெரியவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்" என்று சொல்லக்கூடும். தினம் ஒரு நேரம், பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது. ராமானுஜத்தின் கதை காத்திருந்ததன் கதை அல்ல, காத்திராததன் கதை.

இந்த நூற்றாண்டில் மேல்நாட்டார் சிலர், ராமானுஜத்துக்கே ஆட்டிசம் இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைத் தொடாமல் கும்பகோணம் காலேஜில் உபகாரச் சம்பளத்தை இழந்ததையெல்லாம் அதற்குச் சான்று காட்டலாம். அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள், வேடிக்கையாகப் பேசுவார், கடிதம் எழுதினால் ஊர்ச் சமாசாரம் எல்லாம் கேட்பார். இறந்து ஒரு நூற்றாண்டு ஆனவருக்கு நாடி பிடித்துப் பார்ப்பது வைத்தியம் ஆகாது. தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தாமே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். சிலர் அப்படி இல்லை. யார் எந்த வகை என்பதைப் பொறுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வதா, பார்த்துத் தெரிந்துகொள்வதா என்பதுதான் கேள்வி.

இனி அந்தக் கடிதம்.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாகாணத்தில் ஃபாரஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே டிரிப்லெட் என்ற வக்கீலுக்கு 1933-இல் ஒரு பையன் பிறந்தான். டொனால்டு என்று பெயர். பெற்றோர் வந்தாலும் போனாலும் அவன் பார்ப்பதில்லை. சுழலும் பொருள் எதைக் கண்டாலும் விடமாட்டான்; சட்டி பானை வரைக்கும் தரையில் சுழலவிட்டு அதைக் கண்டு குதிப்பான். வைத்தியர்கள் யோசனைப்படி மூன்று வயசில் அவனை ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். தாய்க்கு மனசு கேட்கவில்லை. திரும்ப அழைத்து வந்துவிட்டாள். பிறகு பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் லியோ கானர் என்ற குழந்தை மனநல வைத்தியருக்குத் தகப்பனார் 33 பக்கத்தில் ஒரு கடிதம் தட்டெழுத்தில் எழுதி அனுப்பினார். பிள்ளை செய்தது, செய்யாதது, சொன்னது, சொல்லாதது எல்லாம் அதில் இருந்தன. அந்த மாதிரி ஒரு விவரத்தை அதுவரை எந்த வைத்திய நூலிலும் கானர் பார்த்ததில்லை. 1943-இல் அவர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். எட்டு ஆண், மூன்று பெண். முதல் பிள்ளை டொனால்டு. இதுதான் இன்றைக்கு ஆட்டிசம் என்று வழங்குவதன் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

தொடக்கம் என்றால் அதற்கும் முன்னோடி உண்டு. மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் டாக்டர் 1925-லேயே ஆறு பையன்களைப் பற்றி நுட்பமாக எழுதியிருக்கிறார். உலகம் வெகு காலம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் எழுதினார். அவருடைய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஜார்ஜ் ஃபிராங்க்ல் என்ற யூத வைத்தியர் அமெரிக்காவுக்குப் போய்க் கானரிடம் சேர்ந்து, டொனால்டைப் பரிசோதித்தவர்களில் ஒருவராக இருந்தார். ஊரை விட்டுப் போனவர் பிழைத்தார். ஊரிலேயே இருந்த ஆஸ்பெர்கரின் கதை வேறு விதமாகப் போயிற்று. நாஜிகள் காலத்தில், ஏறக்குறைய 800 குழந்தைகள் மாண்ட ஷ்பீகல்கிரண்டு என்ற விடுதிக்கு அவர் சில குழந்தைகளை அனுப்பிவைத்தார் என்பதற்கான ஆதாரங்களை 2018-இல் ஹெர்விக் செக் என்ற சரித்திர ஆசிரியர் வெளியிட்டார். பிள்ளைகளைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவனுக்கு அவர்களைக் காப்பாற்றத் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது.

கானர் 1943-இல் இது பிறவியிலேயே வருவது என்று எழுதினார். சரி. ஆனால் அதே கட்டுரையின் கடைசியில் இந்தப் பெற்றோர்களில் மனசில் ஈரம் உள்ளவர்கள் குறைவு என்று ஒரு வார்த்தை சேர்த்தார். 1949-இல் இன்னும் ஒரு படி போனார். பனி உருகாத ஐஸ்பெட்டியில் வைத்து வளர்க்கப்பட்ட பிள்ளைகள் என்று பொருள்படும்படி எழுதினார். ஒரு நெருப்புக்குச்சி போதும் அல்லவா? அமெரிக்காவில் "ஐஸ்பெட்டித் தாய்" என்ற சொல் பிறந்தது. சிகாகோவில் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் அதையே ஒரு பெரிய புஸ்தகமாக எழுதினார். தாய் தன்னை வெறுக்கிறாள் என்று உணர்ந்த பிள்ளை தனக்குள்ளே கோட்டை கட்டிக்கொள்கிறது என்பது அவர் வாதம். பெட்டல்ஹைம் நாஜிச் சிறைமுகாமில் இருந்து மீண்டவர். தாம் அங்கே பார்த்த கைதிகளோடு இந்தப் பிள்ளைகளை ஒப்பிட்டார். அப்படியானால் வீட்டில் காவல்காரன் ஸ்தானத்தில் இருப்பவள் யார்? தாய். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துவைப்பதே வைத்தியம் என்று ஆயிற்று.

இதைப் படித்தபோது அடடா, மனிதர்கள் எங்கும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் முன்வினை என்பார்கள்; மாசமாக இருந்தபோது கிரகணத்தைப் பார்த்தாள் என்பார்கள்; குலதெய்வத்துக்குச் செய்யவில்லை என்பார்கள். அவர்கள் ஜெர்மன் பாஷையில் நாலு மனோதத்துவச் சொற்களைச் சேர்த்துச் சொன்னார்கள். கைகாட்டிய திசை ஒன்றே.

அந்தக் கையைத் தட்டிவிட்டவர்களும் பெற்றோர்களே. பெர்னார்டு ரிம்லண்டு என்பவர் அமெரிக்கக் கடற்படையில் மனோதத்துவ நிபுணர். அவருடைய மகனுக்கு இந்த நிலை. தன் மனைவி பிள்ளையை எப்படி வளர்க்கிறாள் என்று கண்ணால் பார்க்கிறவர் அல்லவா? கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் தேடிப் படித்து, தாயைக் குற்றம் சாட்டுவதற்கு ஓர் ஆதாரமும் இல்லை, இது உடம்பில் உள்ள காரணத்தால் வருவது என்று 1964-இல் புஸ்தகம் எழுதினார். அடுத்த வருஷம் பெற்றோர் சங்கம் ஒன்று தோன்றியது. 1969-இல் அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்குக் கானரே வந்து, பெற்றோர்களே, உங்களை நான் விடுதலை செய்கிறேன் என்ற கருத்தில் பேசினார். கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். செய்யாத குற்றத்துக்கு விடுதலை கிடைத்தால்கூட மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம்!

1977-இல் லண்டனிலிருந்து விஞ்ஞானத்தின் சாட்சியம் வந்தது. சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்ற இருவரும் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பிள்ளைக்காவது ஆட்டிசம். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடியில் இரண்டு பிள்ளைகளுக்குமே இருந்தது. தனித்தனிக் கருவாக உண்டான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரண்டு வகையிலும் ஒரே தாய், ஒரே வீடு, ஒரே மடி. வளர்ப்புத்தான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் வராது. பிறவிக் கூறு பெரிய காரணம் என்பது அன்றைக்கு நிச்சயமாயிற்று. 1979-இல் லோர்னா விங் என்ற டாக்டர், அவரும் இப்படி ஒரு பெண்ணின் தாய், ஜூடித் கோல்டு என்பவரோடு சேர்ந்து லண்டனின் ஒரு பகுதியில் பிள்ளைகளைக் கணக்கெடுத்தார். இது ஒரே அச்சில் வார்த்த நோய் அல்ல, ஒரு முனையில் பேச்சே இல்லாத பிள்ளை, மறு முனையில் ஓயாமல் பேசும் பிள்ளை, நடுவில் எத்தனையோ தினுசு என்று காட்டினார். வானவில் மாதிரி என்று இன்றைக்குச் சொல்வது அந்த வழியில் வந்ததுதான்.

ஆனாலும் குற்றவாளியைத் தேடும் பழக்கம் போகவில்லை. 1998-இல் ஒரு டாக்டர் 12 பிள்ளைகளை வைத்து, தடுப்பூசியின் மேல் சந்தேகத்தைக் கிளப்பினார். 2010-இல் பத்திரிகை அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் போயிற்று. இடையில் பல தேசங்களில் லட்சக்கணக்கான குழந்தைகளைப் பரிசோதித்துப் பார்த்தும் சம்பந்தம் ஒன்றும் தென்படவில்லை. இன்றைக்கு நம் வீடுகளில் புதுக் குற்றச்சாட்டு: "நீதான் செல்போனைக் கையில் கொடுத்துக் கெடுத்தாய்." நாள் முழுதும் போனைப் பார்க்கும் பிள்ளைக்குப் பேச்சுப் பழக்கம் குறையலாம், அதைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் போன் ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. போன் இல்லாத 1938-இல் டொனால்டு சட்டியைச் சுழற்றிக்கொண்டுதான் இருந்தான்.

நம் தேசத்துச் சரித்திரம் நீண்டது அல்ல. இந்தியாவில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிய ஆகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் ஒன்று, 1944-இல் டார்ஜிலிங்கில் இருந்த ஒரு வியன்னா வைத்தியருடையது. அதற்குப் பிறகு வெகு காலம் மந்தபுத்தி அல்லது பைத்தியம் என்ற இரண்டு பெட்டிகளில் ஒன்றில் பிள்ளையைப் போட்டுவிட்டார்கள். 1995-இல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடம் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிக் குறித்தது. 2016-ஆம் வருஷச் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாக அது சேர்ந்தது. தமிழில் "புறவுலகச் சிந்தனையற்றோர்" என்று சர்க்கார் பெயர் வைத்தது. யார் மொழிபெயர்த்தார்களோ, தாராசுரத்துப் பையனை அவர்கள் பார்க்கவில்லை. ஆயிரம் பேர் பார்த்துவிட்டுப் போகும் சக்கரத்தின் ஒவ்வோர் ஆரத்தையும் தடவிப் பார்த்தவனா புறவுலகச் சிந்தனை அற்றவன்?

அளவுகோலும் கடன் வாங்கியதுதான். அமெரிக்காவில் செய்த மதிப்பீட்டு முறையில் 30 மதிப்பெண் வந்தால் ஆட்டிசம் என்று கொள்வார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் அதை நம் பிள்ளைகளிடம் சோதித்து, இங்கே 33 என்று கொள்வதே பொருத்தம் என்று 2010-இல் வெளியிட்டார்கள். 2018-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில், இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயசு வரை உள்ள 3,964 பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். பார்வை, கேள்வி, பேச்சு, அறிவு வளர்ச்சி, வலிப்பு, ஆட்டிசம் முதலான குறைபாடுகளில் ஒன்றாவது உள்ளவர்கள், ஆறு வயசுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 9.2, அதற்கு மேற்பட்டவர்களில் 13.6. இது ஏதோ ஒரு வீட்டுச் சாபம் அல்ல. தெருவுக்கு ஒரு பிள்ளை.

பெற்றோரின் கண்ணைப் பற்றியும் ஓர் ஆராய்ச்சி உண்டு. தமரா டேலி என்ற அமெரிக்கப் பெண்மணி நம் பெருநகரங்களில் 95 குடும்பங்களைக் கண்டு பேசி 2004-இல் எழுதினார். பேச்சு வராததைவிட, பிள்ளை மனிதர்களோடு ஒட்டாமல் இருப்பதையே பலர் முதலில் கண்டிருக்கிறார்கள். "என் கைதான் வேணும், என் முகம் வேண்டாம்" என்று தாராசுரத்துத் தாய் சொன்னது அதுவே. கண்டுபிடிக்கும் கண் வீட்டிலேயே இருக்கிறது. அதற்கும் டாக்டர் பெயர் சொல்வதற்கும் நடுவில்தான் வருஷங்கள் வீணாகின்றன. "ஆம்பிளைப் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்" என்ற ஆறுதல் வாசகம் அந்த வருஷங்களைத் தின்கிறது.

வருஷம் ஏன் முக்கியம் என்றால், முதல் ஐந்தாறு வயசில் மூளை நாற்றங்கால் மாதிரி இருக்கிறது. நாற்றுக்கு உரிய பருவத்தில் செய்ய வேண்டியதைக் கதிர் வரும் பருவத்தில் செய்தால் பலன் அவ்வளவு கிடைக்காது என்பதைக் காவேரிக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சென்னைத் தியாகராய நகரில் 1989-இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்தில், ஆறு வயசுக்குட்பட்ட வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு "உபநயன்" என்று ஒரு பயிற்சி முறை வகுத்தார்கள். உடலசைவு, தன் வேலையைத் தானே செய்துகொள்ளுதல், மொழி, அறிவு, பழக்கம் என்ற ஐந்து துறைகளில் ஐம்பது ஐம்பதாக 250 திறன்கள். ஒவ்வொன்றையும் சின்னச் சின்னப் படியாகப் பிரித்திருக்கிறது. தாய் உடன் வந்தாக வேண்டும் என்பது அங்கே விதி. பயிற்சி தாய்க்கு; அவள் வழியாகப் பிள்ளைக்கு.

கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலுமாகச் சேர்ந்து நடத்திய இன்னொரு சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளில் ஒரு பாதிப் பேரின் பெற்றோருக்கு மட்டும், பெரிய டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் ஆறு மாதத்தில் 12 தடவை சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையோடு விளையாடுவதைப் படம் பிடித்து, அதையே பெற்றோருக்குப் போட்டுக் காட்டிப் பேசுவதுதான் முறை. பெற்றோர் பிள்ளையின் போக்கைப் புரிந்துகொண்டு நடப்பதும், பிள்ளை தானாக அவர்களை நாடுவதும் கூடின. பெட்டல்ஹைம் தாயை வெளியே அனுப்பினார். அரை நூற்றாண்டு கழித்து அதே விஞ்ஞானம் அவளை உள்ளே கூப்பிட்டு ஆசனம் போட்டது. ஆட்டிசத்தை இது போக்கிவிடாது. பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் ஒரு பாலம் போடும். அவ்வளவுதான், அதுவே எவ்வளவோ.

டொனால்டு என்ன ஆனான் என்று கேட்பீர்கள். காலேஜ் படித்தான். ஊர் பாங்கியில் வேலை பார்த்தான். கோல்ஃப் ஆடினான், தனியாக எத்தனையோ தேசங்கள் சுற்றி வந்தான். ஃபாரஸ்ட் ஊர் அவனைத் தன் பிள்ளையாக வைத்துக்கொண்டது. 2023-இல் 89 வயசில் காலமானான். எல்லாருக்கும் அப்படி வாய்க்கும் என்று சொல்ல முடியாது. அவன் வீட்டுக்குப் பணம் இருந்தது. ஆனாலும் விடுதியிலிருந்து ஒரு தாய் அவனைத் திரும்ப அழைத்து வந்திராவிட்டால், அந்த 33 பக்கமும் இல்லை, அந்த 89 வயசும் இல்லை.

இதையெல்லாம் தாராசுரத்துப் படியில் உட்கார்ந்து நான் பிரசங்கம் செய்யவில்லை. அந்தத் தாயிடம் மூன்று சமாசாரம் மட்டும் சொன்னேன். அவள் செய்த தப்பு ஒன்றும் இதில் இல்லை. ஐந்து வயசு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். 2013-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், இதற்கென்றே மாவட்ட அளவில் ஆரம்ப நிலை மையங்கள் அமைந்திருக்கின்றன. காது பரிசோதனை முதற்கொண்டு செலவில்லாமல் பார்ப்பார்கள். அங்கன்வாடி ஊழியரிடம் கேட்டால் வழி சொல்வார்.

பாட்டி குங்குமத்தோடு திரும்பி வந்தாள். நான் எழுந்து பையன் அருகில் போய் உட்கார்ந்தேன். அவன் செய்த மாதிரியே குடத்திலிருந்து ஓர் ஆரக்காலைத் தடவினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவதை விட்டுவிட்டு வேண்டுமென்றே மூன்றாவதுக்குப் போனேன். சின்னக் கை ஒன்று வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. விரலைத் தூக்கி, விட்டுப்போன ஆரக்காலின் மேல் வைத்தது. வைத்த பிறகு, ஒரு கணம்தான், நான் சரியாகச் செய்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தான்.

தாய் அதைப் பார்த்துவிட்டாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்தாள்.

"இன்னிக்குத் தேதி என்னங்க ஐயா?" என்று கேட்டாள்.

சொன்னேன்.